எழுதாதை என்று சொன்னவை

ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியாருக்கு என்னுடைய பற்களைப் பற்றி அளவுக்கு மிஞ்சித் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் நான் அவற்றை உமிக்கரியால் விளக்கினேன் என்று எழுத்திலே கொடுத்திருந்தேன் அல்லவா! எல்லாப் பிள்ளைகளும் நாட்குறிப்பு எழுதவேண்டும், வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று அவர் கட்டளை போட்டிருந்தார். நானும் எழுதினேன். காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன், புட்டும் சம்பலும் சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன், படுத்தேன். அடுத்த நாளும் எழுந்தேன், பல் விளக்கினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை வாத்தியார் சிவப்புப் பேனையால் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "உன் வீட்டில் வேறு மனிதர் இல்லையா?"

எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. மனிதர் இல்லாமல் என்ன? ஐயா இருந்தார், அம்மா இருந்தார், நாலு வயதில் வாய் ஓயாத ஒரு தம்பி இருந்தான். ஆனால் அவர்களும் எழும்பிப் பல் விளக்கிச் சாப்பிடுகிறவர்கள்தானே. அவர்களையும் எழுதப்போனால் கொப்பியில் பல்லின் தொகை கூடுமே தவிர வேறென்ன வரும் என்று நினைத்தேன்.

எனக்கு எழுதும் வழியைக் காட்டியது கடைசியில் அம்மாவின் கடிதங்கள்தான். அதைச் சொல்வதற்கு முதல் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் ஏழாலையிலிருந்து உருத்திரபுரம் குடியேற்றத்துக்கு வந்து அப்போது மூன்று வருடமாகியிருந்தது. ஏழாலையில் ஐயா பிறத்தியாரின் தோட்டத்தில் புகையிலை நட்டவர். இங்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலும், வீடு வைக்க ஒரு மேட்டுக்காணியும் அவர் பெயரில் கிடைத்தன. ஐயாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அம்மாவின் ஒரே அக்காவான பெரியம்மாவுக்கோ இது துண்டறப் பிடிக்கவில்லை. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவில் இருந்தவர்கள். நடுவேலியில் ஆள் புகுந்து வருமளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது ஒருத்தர் மற்ற வளவுக்குள் வந்துபோவார். நாங்கள் சாமான் ஏற்றிய அன்று பெரியம்மா அந்தப் பொட்டிலே நின்று கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"காட்டுக்கை போய்க் காய்ச்சலிலை கிடந்து சாகப்போறியோ? போனா, நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்!"

"உங்களை இப்ப ஆர் வாங்கோ எண்டு கேட்டது?" என்று அம்மாவும் திருப்பிக் கத்தினார்.

அவ்வளவுதான். கூப்பிடாமல் பெரியம்மா வரமாட்டார். அம்மா கூப்பிடமாட்டார். இருவருக்கும் ஒரே வயிற்றில் பிறந்த ஒரே பிடிவாதம். கிளிநொச்சியில் ரயில் ஏறினால் ஆனையிறவு தாண்டி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர் அது. மூன்று வருடம் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. கடிதம் மட்டும் மாதம் தவறாமல் போய்வந்தது.

கடிதம் எழுதும் வேலை என்னுடையது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் பேனையைக் கொடுத்தால் கை வியர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்தபின் அவர் குசினி வாசலில் குந்தியிருந்து சொல்லுவார், நான் பலகைக்கட்டையில் இருந்து எழுதுவேன். அம்மா கதைக்கிற வேகத்துக்கு நேரே நல்ல தாளில் எழுத முடியாது. ஆகவே முதலில் ஒரு பழைய தாளில் கிறுக்கிக்கொள்வேன். பிறகு அதைப் பார்த்துத் துப்புரவாக எழுதுவேன். அம்மா ஒன்றைச் சொல்லுவார். நான் கிறுக்கி முடிப்பதற்குள் "அதை எழுதாதை" என்பார். நான் அதன்மேல் ஒரு கோடு கீறுவேன்.

"பயிர் நல்லா நிக்குது எண்டு எழுது. என்ன நல்லா, பண்டி வந்து ஒரு மூலையைக் கிண்டி எறிஞ்சுபோட்டுப் போட்டுது. அதை எழுதாதை. தம்பி நல்ல சுகம். போன கிழமை நாலு நாள் காய்ச்சலிலை அனுங்கிக்கொண்டு கிடந்தவன். ஐயோ பிள்ளை, அதை எழுதாதை! காய்ச்சல் எண்ட சொல்லைக் கண்டா அவா, பாத்தியோ, நான் சொன்னனான்தானே எண்டு துள்ளுவா."

கடைசியில் நல்ல தாளில் மிஞ்சுவது இதுதான்: நாங்கள் எல்லோரும் சுகம், பயிர் நன்றாக நிற்கிறது, தம்பி சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். பெரியம்மாவுக்காக அவருடைய மகன் எழுதிவிடும் பதிலும் அச்சொட்டாக அப்படியே வரும். அங்கும் எல்லோரும் சுகம், வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது. இவ்வளவு சுகமாக இருந்த இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்தார்கள்.

கிறுக்கிய தாளை அடுப்பில் போட்டுவிடவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வாத்தியாரின் சிவப்பு வரி கிடைத்த அந்த வாரக் கடைசியில், அப்படியொரு தாளை அடுப்புக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றவள், சும்மா ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அடேயப்பா! வாத்தியார் கேட்ட மனிதர் எல்லோரும் அந்தக் கோடுகளுக்குக் கீழேதான் இருந்தார்கள். காட்டுப்பன்றியை விரட்ட ஐயா தகரம் தட்டியது, காய்ச்சலில் தம்பி பிதற்றியது, அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தது எல்லாம் அங்கே இருந்தன. நான் தாளை அடுப்பில் போடவில்லை. மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு நாட்குறிப்பு. வாத்தியாருடையதில் வழக்கம்போலப் பல் விளக்கினேன். என்னுடையது, ஊசி நூலால் குத்திக் கட்டிய பழைய தாள்கள். அதில் ஒரே ஒரு சட்டம்தான்: யாராவது எழுதாதை, சொல்லாதை என்று சொன்னதை மட்டும் எழுதுவது. அதற்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஐயா சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து, கோதுமை மா மூட்டையையும் நனைத்துவிட்டு, "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார். எழுதினேன். தம்பி கசப்புக் குளிசையைத் துப்பி ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, என் வாயைத் தன் கையால் பொத்தினான். எழுதினேன். பிறகு மெல்ல மெல்ல, நானே எனக்குள் சொல்லாதை என்று அமத்தி வைத்தவற்றையும் எழுதத் தொடங்கினேன். இது பிடிபட எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அப்படி எழுதிய முதலாவது வரி இன்றைக்கும் இருக்கிறது: "எனக்கு ஏழாலைக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. இங்கேதான் எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவா."

அந்த வருடம் சிறுபோகத்துக்கு விதைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடச் சுணங்கிவிட்டது. முளைத்தது வெயிலில் சுருளத் தொடங்கியது. ஐயா வாய்க்காலைப் பார்க்கப் போவதும் வருவதுமாக இருந்தார். அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கடிதம் எழுதும் முறை வந்தது. அம்மா வழமைபோலச் சுகம் சொன்னார், தண்ணீர் வராததையும் பயிர் வாடுவதையும் சொல்லி எழுதாதை என்றார். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தபடி, யாருக்கோ சொல்லுவதுபோலச் சொன்னார்.

"இந்தக் காட்டுக்கை மனம்விட்டுக் கதைக்க ஒரு சனமில்லை அக்கா. மத்தியானத்திலை வாய்க்கால் கட்டிலை போய் இருந்து, நீங்கள் பக்கத்திலை இருக்கிறமாதிரி நினைச்சுத் தனியக் கதைக்கிறன். ஆரும் கண்டா விசர் எண்டு சொல்லுவினம்."

நான் கிறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"அதை எழுதாதை."

கோடு கீறினேன். துப்புரவாக எழுதி முடிக்கும்போது ஐயா சைக்கிளை வெளியே எடுத்து நின்றபடி, "கெதியாத் தா பிள்ளை, கிளிநொச்சி ரவுணுக்குப் போறன், அங்கை தபால் பெட்டியிலை போட்டுவிடுறன்" என்று அவசரப்படுத்தினார். மடித்தேன், ஒரு தாளைச் சட்டைக்குள் செருகினேன், மற்றதை உறையில் வைத்தேன், சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தேன். ஐயா போய்விட்டார்.

பின்னேரம் என் ரகசியக் கொப்பியில் சேர்ப்பதற்காகச் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. கோடு ஒன்றையும் காணவில்லை.

கடவுளே! கோடு கீறிய தாள்தான் உறைக்குள் போயிருக்கிறது. அம்மா மூன்று வருடமாகக் கட்டிக்காத்த மானத்தை நான் உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, பெரியம்மாவின் கைக்கே அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அடியைப் பற்றிப் பயமில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். அதற்குப் பிறகு தபாற்காரனின் மணி கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் ஆட்டுக்கொட்டிலுக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆட்டுக்கு என்னைக் கண்டு சலித்துப்போயிருக்கும்.

பதில் கடிதம் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் பெரியம்மாவே வந்தார்.

சனிக்கிழமை காலை. படலையடியில் ஒரு மாட்டுவண்டில் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கடகம் இறங்கியது, பிறகு ஒரு சாக்கு, பிறகு வெங்காயப் பிடிகள், கடைசியில் சீலையைத் தட்டிக்கொண்டு பெரியம்மா. அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர், விளக்குமாறு கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு வருகிற பிச்சைக்காரனுக்கும் வாங்கோ சொல்லுகிற ஊர் எங்களுடையது. அம்மாவின் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"என்னக்கா, ஆருக்கும் ஏலாதோ?"

"எல்லாரும் சுகம்" என்றார் பெரியம்மா. கடிதத்தில் எழுதுவதுபோலவே சொன்னார்.

பிறகு அவர் எங்கள் வீட்டைப் பரிசோதனை செய்தார். வேறு சொல் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார், தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தார், தம்பியின் வயிற்றை அமத்திப் பார்த்தார், முந்தின மாதம் காட்டு யானை வந்து பிரித்துவிட்டுப் போன வேலியைப் பார்த்து "ம்" என்றார். ஐயா, "வாங்கோ மச்சாள், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, வயலில் வேலை கிடக்கிறது என்று நைசாக நழுவிவிட்டார். எனக்கும் போக ஒரு வயல் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

பெரியம்மா கதிரையில் இருக்கவில்லை. குசினிக்குள் போய் அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். இடுப்புச் செருகலிலிருந்து மடித்த தாளை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். காதைப் பொத்த வேண்டும்போலவும் இருந்தது, ஒரு சொல்லும் தவறக்கூடாதுபோலவும் இருந்தது. பெரியம்மாவுக்கு வாசிப்பு நன்றாக வரும். கோடு கீறிய வரிகளை மட்டும் பார்த்துப் பார்த்து வாசித்தார். வராத தண்ணீர், வாடுகிற பயிர், எல்லாம் வந்தன. வாய்க்கால் கட்டுக்கு வந்ததும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். வாசித்து முடித்துத் தாளைத் தரையில் வைத்தார்.

"வெளிக்கிடு. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு என்னோடை வா. அவர் நெல்லு வெட்டு முடிச்சுக்கொண்டு வரட்டும். உன்ரை வீடு பூட்டினபடிதான் கிடக்கு."

அம்மா தாளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் என்னை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வெளியிலை வா" என்றார். வந்தேன். "மாத்தி வைச்சிட்டியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழாலைக்குப் போகப்போகிறோம், அதுவும் என்னால்தான் போகப்போகிறோம் என்று நிச்சயமாக நினைத்துவிட்டேன்.

அம்மா அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுப் பெரியம்மாவுக்குச் சொன்னார். "அது நான் கதைச்சதுதான், பொய்யில்லை. ஆனா அது அண்டைய கதை அக்கா. அண்டைக்குத் தண்ணி வரேல்லை, பயிர் வாடிக்கொண்டு நிண்டுது. திங்கக்கிழமை தண்ணி விட்டிட்டாங்கள். போய்ப் பாருங்கோ, என்ரை வயல் எப்பிடி நிக்குதெண்டு. நான் ஏன் விட்டிட்டு வாறன்?"

என்ரை வயல் என்று அம்மா சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பெரியம்மா தரையில் கிடந்த தாளைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"அப்ப, தனிய இருந்து கதைக்கிறது? அதுவும் அண்டைய கதையோ?"

அம்மா தலையைக் குனிந்தார். "அது நேத்தும்தான்."

"நான் என்ன மறுமொழி சொல்லுவன்?"

"உங்களை நான் எங்கை கதைக்க விட்டனான்? நான்தானே முழுக்கக் கதைக்கிறன்!"

முதலில் பெரியம்மா சிரித்தார். பிறகு அம்மா சிரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதார்கள். சோறு அடிப்பிடித்து மணந்தபோதுதான் அம்மாவுக்கு அடுப்பு நினைவு வந்தது. அன்றைக்கு நாங்கள் தீய்ந்த சோறுதான் சாப்பிட்டோம். ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

பெரியம்மா ஐந்து நாள் நின்றார். ஒவ்வொரு நாள் மத்தியானமும் அக்காவும் தங்கையும் வாய்க்கால் கட்டில், மருதமர நிழலில், ஓடுகிற தண்ணீருக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் கைகள் ஆடுவதுதான் தெரியும். பெரியம்மாவின் கைதான் கூட ஆடியது. மூன்று வருடம் மறுமொழி சொல்ல விடாததற்கு ஈடுகட்டியிருப்பார். அம்மா எனக்கு அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஒருநாள் என் ரகசியக் கொப்பியைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். மா மூட்டை நனைந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு ஏழாலைக்குப் போக விருப்பமில்லை என்று எழுதிய வரியில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கொப்பியை மடித்து என் கையில் தந்தார்.

அந்த ஐந்து நாளுக்குள் நான் என் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தேன். அண்டைய கதை என்று அம்மா சொன்னது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுதியது உண்மைதான், ஆனால் அது எழுதிய நாளின் உண்மை. ஆகவே இனிமேல் இடது பக்கத்தில் மட்டும் எழுதுவது, வலது பக்கத்தை வெறுமையாக விடுவது, ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாசித்து அந்த வெறும் பக்கத்தில் இன்றைய கதையை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். வாத்தியாருக்கு இதைச் சொல்ல வாய் துடித்தது. சொல்லாமல் விட்டு, அதையும் எழுதி வைத்தேன். எழுபது வயது தாண்டியும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். சில நாள் இடது பக்கத்தில் யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்து வலது பக்கத்தில், பிழை என்னிலும்தான் என்று எழுதவேண்டி வரும். எழுதிவிட்டால் நன்றாக நித்திரை வரும்.

பெரியம்மா போன அன்று எல்லோரும் கிளிநொச்சி ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வந்தது. பெரியம்மா ஏறி யன்னலோரம் இருந்தார். தம்பி எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்று என் கையை இழுத்துக்கொண்டு நின்றான். விசில் ஊதியது. ரயில் அசையத் தொடங்கியதும் அம்மா இரண்டு எட்டு முன்னால் போய், மேடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"அக்கா, பொங்கலுக்கு வாங்கோ!"

பெரியம்மா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. அம்மா கையைக் காட்டிக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வரும்வரை அம்மாவின் நடை எங்கள் எல்லோருடையதையும்விட வேகமாக இருந்தது.

அன்று பின்னேரம் நான் கொப்பியைத் திறந்து இடது பக்கம் நிரம்ப எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது எனக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. தம்பி எஞ்சினைப் பார்த்துப் பயந்ததை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்றது இருக்கிறது. மச்சாள் போனபின் தான் பெருமூச்சு விட்டதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை என்று ஐயா சொன்னது இருக்கிறது. பெரியம்மா தந்த பனம்பழப் பனாட்டில் நான் கூடுதலாகக் கடித்த ஒரு துண்டும் இருக்கிறது. மேடையில் அம்மா சொன்னது மட்டும் இல்லை. மூன்று வருடக் கடிதங்கள் ஒன்றிலும், கீறிய கோடுகள் ஒன்றின் கீழும் வராத, வாங்கோ என்ற அந்த ஒரு சொல்லை அம்மா ஊருக்கே கேட்கச் சொன்னார். எழுதாதை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுதவில்லை.